தண்ணீர் சுமப்பதை ஏன் அவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விருது வாங்கிய வெளிநாட்டுப் படங்கள் என்று யாரோ கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு மூன்று படம் பார்க்க உட்கார்ந்திருக்கிறார். மூன்றையும் பாதியில் விட்டுவிட்டார். அதில் ஒன்று பழைய ஜப்பான் படம். இருபது நிமிடம் புருஷனும் பெண்டாட்டியும் தண்ணீர் சுமப்பதையே காட்டுகிறார்கள், அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன் என்கிறார். ‘எனக்கு ரசனை இல்லையா, இல்லை இந்தப் படங்களைப் பற்றிப் பேசுவதெல்லாம் வெறும் பகட்டா? நம்ம கரைக்காரர்களுக்கு ஒட்டுகிற மாதிரி நீங்கள் சமீபத்தில் பார்த்தது ஏதாவது இருக்கிறதா? உம்மாவோடு உட்கார்ந்து பார்க்க முடியுமா?’ என்று முடித்திருக்கிறார். மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: குறை என்னிடமா, படத்திடமா?

தம்பி, குறை இரண்டு பக்கமும் இல்லை. நீங்கள் அணைத்துவிட்ட அந்தப் படம்தான், இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் மொட்டைமாடியில் போட்டதிலேயே அதிகம் பேர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்த படம். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதற்கு முன்னால், நான் எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுவது நல்லது.

எனக்குச் சொந்த ஊர் பாம்பன். அப்பா நாட்டுப்படகுக்காரர். நான் கடலுக்குப் போகவில்லை, ஒரு தியேட்டரில் 22 வருடம் ஆபரேட்டராக இருந்தேன். படம் பெட்டியில் வந்த காலம். 2,000 அடி ரீல் ஒன்று இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் சின்ன வட்டப் புள்ளி ஒன்று வந்து மறையும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும். இரண்டாவது புள்ளி வந்ததும் மாற்றிவிட வேண்டும். ஆபரேட்டர் ரூமின் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால் திரை மட்டும் தெரியாது, முன்னால் இருக்கும் தலைகளும் தெரியும். எந்தக் காட்சியில் தலைகள் அசைகின்றன, எதில் ஆள் எழுந்து டீக்குப் போகிறார், எதில் ஒரு தலைகூட அசையவில்லை என்று 22 வருடம் பார்த்திருக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது ஒன்று. காட்சி மெதுவாகப் போகிறது என்பதற்காக ஆட்கள் எழுந்து போவதில்லை. அடுத்து என்ன வரும் என்று முன்னாலேயே தெரிந்துவிட்ட காட்சியில்தான் போவார்கள். எவ்வளவோ வேகமான சண்டைக் காட்சியில் பாதி பெஞ்சு காலியாகிப் பார்த்திருக்கிறேன். ஒரு கிழவி திண்ணையில் உட்கார்ந்து யாருக்கோ காத்திருக்கும் காட்சியில் பீடி பற்றவைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பெட்டி வருவது நின்று எல்லாம் டிஜிட்டல் ஆனதும் அந்த வேலை போனது. இப்போது தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். பழைய புரொஜெக்டர் ஒன்றை வாங்கி, பேனர் துணியின் வெள்ளைப் பின்பக்கத்தைத் திரையாகக் கட்டி, தெருக்காரர்களுக்குப் படம் போடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளும்தான் எங்களுக்குப் படக்காலம். கச்சான் காற்று வீசினால் திரை உப்பி, நடிப்பவர்களின் முகமெல்லாம் ஆடும். நான்கு முனையிலும் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, கீழே செங்கல் வைத்துச் சமாளிக்கிறோம். நான் அந்த நாட்டு மொழி எதுவும் தெரியாதவன், ஆங்கில வரிகளைப் படித்துத்தான் புரிந்துகொள்கிறேன். ஆகவே வசனத்தின் அழகைப் பற்றி நான் சொல்லும் எதையும் நம்ப வேண்டாம். உடம்பு, வேலை, நேரம், சத்தம் இவற்றைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

சரி, அந்த ஜப்பான் படம். பெயர் ‘த நேக்கட் ஐலண்ட்’. கனெட்டோ ஷிண்டோ 1960-ல் எடுத்தது, கருப்பு வெள்ளை. ஜப்பானின் உள்கடலில் ஒரு துண்டுத் தீவு. அதில் ஒரே குடும்பம்: புருஷன், பெண்டாட்டி, இரண்டு பையன்கள். தீவில் குடிக்கிற தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. பக்கத்துக் கரைக்குத் துடுப்புப் போட்டுப் போய், வாளிகளில் நிரப்பி, திரும்பி வந்து, தோளில் காவடிக் கம்பு மாதிரி ஒன்றில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, செங்குத்தான மேட்டில் ஏறி, ஒவ்வொரு செடிக்கும் அகப்பையால் ஊற்ற வேண்டும். மண் உடனே உறிஞ்சிவிடும். மறுபடி படகு. படம் முழுக்க வசனமே கிடையாது. ஷிண்டோவின் கம்பெனி அப்போது மூடுகிற நிலையில் இருந்தது, சின்னக் குழுவை வைத்துக்கொண்டு மிகக் குறைந்த செலவில் எடுத்த படம் இது. 1961-ல் மாஸ்கோ விழாவில் பெரிய பரிசு வாங்கி, அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியது. ஷிண்டோ அதற்குப் பிறகும் ஐம்பது வருடம் படம் எடுத்து, 2012-ல் நூறு வயதில் காலமானார்.

நம் ராமநாதபுரம் ஜில்லாவைத் தண்ணியில்லாக் காடு என்பார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் குடத்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. அதற்கு முந்திய தலைமுறைப் பெண்கள் மணலில் ஊற்று தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்பியவர்கள். அன்று மாடியில் அப்படிப்பட்ட ஐந்தாறு பேர் இருந்தார்கள். படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு என் பெரியம்மா மெதுவாகச் சொன்னார்: ‘உள்ள நெசமாவே தண்ணி இருக்கு. வெறும் வாளின்னா கம்பு இப்படி வளையாது.’ பக்கத்தில் இருந்தவர், ‘காலைப் பாரு, கட்டைவிரலை ஊன்றி ஏறுறா’ என்றார். அப்புறம்தான் நானும் பார்த்தேன். அந்தப் பெண் ஏறும்போது ஒவ்வொரு அடியிலும் முதலில் பாதத்தை வைத்து, அது நிற்கிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் உடம்பின் கனத்தை அதன்மேல் மாற்றுகிறாள். அதற்கு முன் இந்தப் படத்தை நான் இரண்டு தடவை தனியாகப் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் என் கண்ணில் படவில்லை. தண்ணீர் சுமந்தவர்களுக்கு முதல் தடவையே பட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. ஒரு கட்டத்தில் அவள் கால் இடறி ஒரு வாளி கவிழ்ந்துவிடுகிறது. புருஷன் வந்து அறைகிறான். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து மறுபடி சுமக்கிறாள். மாடியில் வாளி கவிழ்ந்த அந்த நொடியில் ‘ஐயோ’ என்று ஒரே குரலாக வந்தது. அறைந்ததற்கு வரவில்லை, தண்ணீருக்கு வந்தது. வேறு படத்தில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டினால் யாராவது ஐயோ என்பார்களா? அந்த ஒரு வாளி எத்தனை துடுப்பு, எத்தனை படி என்று அதற்குள் அவர்கள் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. தெரியவைத்தது நீங்கள் அணைத்த அந்த இருபது நிமிடம். பின்னால் மூத்த பையன் காய்ச்சலில் இறந்துபோகிறான். ஒருநாள் அவள் சுமந்து வந்த தண்ணீரைத் தரையில் கொட்டி, செடிகளைப் பிடுங்கி எறிந்து, மண்ணில் விழுந்து அழுகிறாள். புருஷன் பார்த்துக்கொண்டு நிற்கிறான், பிறகு திரும்பித் தன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். கொஞ்ச நேரத்தில் அவளும் எழுந்து ஊற்றுகிறாள். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு, மறைக்கவில்லை. எங்கள் தெருவில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண், ‘அந்த அறைக்கு இந்தப் படம் பதிலே சொல்லலையே அண்ணே’ என்றார். சொல்லவில்லைதான். அப்படி விட்டது அந்த வாழ்க்கையை உள்ளபடி காட்டுவதற்காகவா, பொறுத்துப்போவதைப் பெருமையாக்குவதற்காகவா என்று என்னால் இன்னும் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அதில் என் மனம் மாறுகிறது.

இதே தண்ணீர் நம் ஊர்ப் படத்திலும் உண்டு. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’, 2021-ல் நெதர்லாந்தில் ராட்டர்டாம் விழாவின் முதல் பரிசான டைகர் விருது வாங்கியது. மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் ஒரு குடிகார அப்பனும் பையனும் வெயிலில் நடந்து வருகிற கதை, ஒன்றேகால் மணி நேரம்தான். கடைசியில் பெண்கள் ஒரு சின்னக் குழியைச் சுற்றி உட்கார்ந்து, ஊறி வரும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டிருப்பார்கள். அதுவரை அந்த அப்பன்மேல் எனக்கு இருந்த கோபம் முழுவதும் அந்தக் குழிக்குள் இறங்கி வேறொன்றாக மாறியது. ‘வெளிநாட்டுப் படம்’ என்ற சொல்லே உங்களைப் பயமுறுத்துகிறது என்றால் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கடல் தொழில் பற்றிய படங்களில் எங்கள் தெரு ஆண்களை அதிகம் பேசவைத்தது லுச்சினோ விஸ்கோன்டி 1948-ல் எடுத்த இத்தாலியப் படம், ‘லா தெர்ரா த்ரேமா’. சிசிலித் தீவில் ஆச்சி த்ரெத்சா என்ற மீனவக் கிராமம். தொழில்முறை நடிகர் ஒருவர்கூட இல்லை, அந்த ஊர்க்காரர்களே நடித்தார்கள், அவர்கள் வட்டாரப் பேச்சிலேயே பேசினார்கள். அது மற்ற இத்தாலிக்காரர்களுக்கே விளங்காததால், பின்னணியில் பொது இத்தாலியில் ஒரு குரல் கதை சொல்லும்படி சேர்க்க வேண்டியிருந்தது. கதை இதுதான்: மீனுக்கு விலை வைப்பது மொத்த வியாபாரிகள். நுதோனி என்ற இளைஞன் அவர்களை நம்பியிருக்க வேண்டாம் என்று வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் செய்யப் பார்க்கிறான். நெத்திலி நன்றாகப் படுகிறது, வீட்டிலேயே உப்புப் போட்டு வைக்கிறார்கள். ஒரு புயல் வருகிறது. படகு போனதும் அதே வியாபாரிகள் வந்து அந்த உப்பு மீனுக்கு அடிமாட்டு விலை கேட்கிறார்கள்.

இந்தக் கதையை நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முன்பணம் வாங்கிய படகு, கொடுத்தவருக்கே மீன் போட வேண்டும், அவர் வைத்ததுதான் விலை, கடன் தீருகிறவரை வேறு கரையில் ஏலம் விட முடியாது. படம் ஓடும்போதே ஒருவர், ‘உப்பு மீனை வைச்சுக்கிட்டுப் பேரம் பேசக் கூடாதுடா, கொடுத்துட்டுக் கெளம்பு’ என்று நுதோனிக்குப் புத்தி சொன்னார். படம் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட ஓடும், அதனால் இரண்டு ராத்திரியாகப் போட்டேன். ஆங்கில வரிகளை மாடியில் பலரால் படிக்க முடியாது என்பதால் நானே திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் ராத்திரி எல்லா வசனத்தையும் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை. இரண்டாவது ராத்திரி பத்தில் ஒன்றைத்தான் சொன்னேன். புயலில் போன படகுக்காகப் பெண்கள் கருப்புத் துணி போர்த்திப் பாறைமேல் நின்று கடலைப் பார்க்கும் இடத்தில் ஒன்றுமே சொல்லவில்லை. 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலைப் பார்த்த பெரியவர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். அவர் எழுந்து சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

புதிய படங்களில் இரண்டைச் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் படகை இழப்பது பற்றியவை. மார்க் ஜென்கின் எடுத்த ‘பெய்ட்’, 2019, இங்கிலாந்தின் கார்ன்வால் கரை. படகில்லாத மீனவன் ஒருவன். அவன் கூடப்பிறந்தவன் அப்பாவின் படகில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகிறான். குடும்ப வீட்டை லண்டன்காரர்கள் வாங்கி, வலையும் கயிறும் வாங்கிவந்து அலங்காரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவன் தன் வண்டியை வழக்கமாக நிறுத்தும் இடத்தில் இப்போது நிறுத்தக் கூடாது. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போகும் வண்டிகளையும், ஊருக்குள் எழும்பும் தங்கும் விடுதிகளையும் பார்க்கிற நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. ஆனால் என்னை இதில் பிடித்து உட்காரவைத்தது வேறு விஷயம். இதை 16 எம்எம் பிலிமில், கையால் முடுக்குகிற பழைய கேமராவில் எடுத்து, இயக்குநரே கையால் கழுவியிருக்கிறார். திரை முழுக்கக் கீறல், புள்ளி, திடீர் வெளிச்சம். சத்தம் எல்லாம் பின்னால் சேர்த்தது. கீறலை நான் வாழ்க்கை முழுக்க எதிரியாகப் பார்த்தவன். நூறு தியேட்டர் சுற்றிவந்த பிரிண்டில் மழை பெய்கிற மாதிரி கோடு ஓடும், ஜனம் என்னைத்தான் திட்டும். இந்தப் படத்தில் அதே கீறல் வலையின் நூல் மாதிரி, உப்புப் பூத்த கை மாதிரி இருந்தது. இது என் தொழில் பாசத்தால் வந்த ரசனையாகவும் இருக்கலாம். மாடியில் இளவட்டங்கள் பலருக்கு ‘பிரிண்ட் சரியில்லை’ என்றே தோன்றியது. அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன்.

மற்றது மால்டா தீவின் ‘லுட்சு’, அலெக்ஸ் கமில்லெரி எடுத்தது, 2021. லுட்சு என்பது அந்த ஊர் மரப்படகு. முன்பக்கத்தில் இரண்டு கண் வரைந்திருக்கும். நாயகனாக நடித்த ஜெஸ்மார்க் ஷிக்லுனா நிஜ மீனவர். அவர் பெயரே பாத்திரத்துக்கும், நடிப்புக்கு சன்டான்ஸ் விழாவில் சிறப்பு விருதும் கிடைத்தது. படகில் தண்ணீர் கசிகிறது, கைக்குழந்தைக்கு வைத்தியம் பார்க்கப் பணம் வேண்டும். படகையும் உரிமத்தையும் ஒப்படைத்துவிட்டுத் தொழிலைவிட்டுப் போனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டத்தில் பணம் கிடைக்கும். இங்கே 2017-ல் பாக் நீரிணை விசைப்படகுக்காரர்களுக்கு ஆழ்கடல் திட்டம் வந்ததே, இழுவைப் படகை விட்டுவிட்டு 80 லட்சம் ரூபாய்ச் சூரைமீன் படகுக்கு மாறும் திட்டம், அதைப் பற்றித் துறைமுகத்தில் நடந்த பேச்செல்லாம் எனக்கு நினைவு வந்தது. இரண்டும் ஒன்றல்ல. அங்கே தொழிலைவிட்டே போகச் சொல்கிறார்கள், இங்கே வேறு தொழில்முறைக்கு மாறச் சொல்கிறார்கள். ஆனால் படகைக் கொடுப்பது என்று வந்ததும் ஒரு ஆள் அதைச் சுற்றி நடக்கிற நடை இரண்டு இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஜெஸ்மார்க் கசிவு தேடிப் பலகையைத் தடவும்போது விரல் எங்கே நிற்கும் என்று எங்கள் ஆட்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். ‘லெவியாத்தன்’ என்ற 2012 ஆவணப்படம், அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டிலிருந்து புறப்படும் இழுவைப் படகில் எடுத்தது. ஹார்வர்டைச் சேர்ந்த இரண்டு பேர் சின்னச் சின்னக் கேமராக்களை ஆட்கள்மேலும் கம்பிலும் கட்டி, தண்ணீருக்குள்ளும் வெளியிலும் விட்டு எடுத்திருக்கிறார்கள். பேச்சு ஏறக்குறைய இல்லை. மீன் தலைகள் தளத்தில் அலைக்குத் தக்கபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சறுக்குகின்றன, கடற்காகங்கள் தலைகீழாகப் பறக்கின்றன. அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன், அப்புறம் எனக்குச் சலித்தது. ‘வலையிழுக்கிற வின்ச் சத்தம் அச்சு அசல்’ என்றார்கள் விசைப்படகுப் பையன்கள், அதற்குமேல் அவர்களுக்கும் ஒட்டவில்லை. ஆனால் ஒரு இடம்: வேலை முடிந்த ஆள் ஒருவர் சாப்பாட்டு அறையில் டிவி முன்னால் உட்கார்ந்தபடி, கண் சொருகிச் சொருகித் தூங்கிப்போகிறார். கேமரா அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்த நேரம் மாடியில் எல்லோரும் விழித்திருந்தார்கள். வீட்டில் அப்பா அப்படித் தூங்கிப் பார்த்தவர்கள்தான் எல்லோரும்.

ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் ‘மேன் ஆஃப் ஆரன்’ 1934-ல் வந்தது. அயர்லாந்துப் பக்கத்து வெறும் பாறைத் தீவில் கடற்பாசியைச் சுமந்து வந்து மணலோடு கலந்து மண் உண்டாக்கி உருளைக்கிழங்கு போடுகிறார்கள். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு அதைக் காட்ட ஆசைப்பட்டுத்தான் போட்டேன். ஆனால் அதில் வரும் குடும்பம் நிஜக் குடும்பமில்லை. படத்தில் வரும் சுறா வேட்டை அங்கே எத்தனையோ பத்து வருடத்துக்கு முன் நின்றுபோனது, படத்துக்காகத் திரும்பச் சொல்லிக்கொடுத்துச் செய்யவைத்தார்கள். ஆவணப்படம் என்று பெயர் போட்டிருப்பதால் இதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். காட்சிகள் இன்றும் என்னை உலுக்குகின்றன, ஆனால் அந்த மனிதர்களை உயிருக்கு ஆபத்தான அலைக்குள் அனுப்பி எடுத்தது என்ற நினைப்பு கூடவே வருகிறது.

‘ஃபயர் அட் சீ’, 2016-ல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கிய படம். இயக்குநர் ஜியான்ஃப்ராங்கோ ரோசி ஒரு வருடத்துக்கு மேல் லம்பெதூசா தீவிலேயே தங்கி எடுத்திருக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து அகதிகள் படகில் வந்து சேரும் இத்தாலியத் தீவு அது. ஒரு பக்கம் சாமுவேலே என்ற மீனவர் வீட்டுப் பையன்: கவண் செய்கிறான், படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறான், ஒரு கண்ணில் பார்வை மந்தம். மறுபக்கம் இரவில் வயர்லெஸ்ஸில் கெஞ்சும் குரல்கள், மீட்புப் படகுகள், படகின் அடியில் மூச்சுமுட்டி இறந்தவர்கள். இரண்டு கதையும் படத்தில் சந்திக்கவே இல்லை. இரண்டு பக்கமும் வருகிறவர் ஊர் டாக்டர் ஒருவர்தான். இதைப் பார்த்துவிட்டு எனக்கு மூன்று நாள் மண்டபம் முகாம் நினைவாகவே இருந்தது. எண்பதுகளிலிருந்து இலங்கைத் தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள், 2022-ல் அந்த நாட்டுப் பொருளாதாரம் விழுந்தபோதும் தனுஷ்கோடி மணல்திட்டில் குழந்தைகளோடு வந்து இறங்கினார்கள். நான் அந்த முகாமைத் தாண்டி எத்தனை ஆயிரம் தடவை பஸ்ஸில் போயிருப்பேன். உள்ளே இருக்கும் ஒருவர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. இறந்த உடல்களைக் காட்டியது சரியா என்பதில் எனக்கு இன்னும் குழப்பம் இருக்கிறது. காட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பையனின் கவண் மட்டும்தான் மனதில் நின்றிருக்கும் என்றும் தோன்றுகிறது.

இதோடு ‘தீபன்’ பார்க்கலாம். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்து 2015-ல் கான் விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனை வாங்கியது, பெரும்பகுதி வசனம் தமிழ். எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகன். இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் முன்பின் தெரியாத மூன்று பேர் புருஷன், பெண்டாட்டி, பிள்ளையாகப் பாரிஸ் போய்ச் சேர்கிறார்கள். அந்த மூவரும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் பழகும் பகுதி எனக்கு உயர்ந்தது. கடைசியில் துப்பாக்கிச் சண்டையாகப் போனதும் என் மனம் விலகிவிட்டது. நம் கரையிலேயே, தனுஷ்கோடி மீனவர்களையும் அகதிகளையும் வைத்து லீனா மணிமேகலை எடுத்த ‘செங்கடல்’ இருக்கிறது. 2011-ல் தணிக்கையில் முதலில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டில்தான் சான்றிதழ் கிடைத்தது. ஷோபாசக்தி அதன் எழுத்திலும் பங்கெடுத்தவர். அதை மாடியில் போட்ட ராத்திரி ஒவ்வொரு கல்லும் மரமும் எந்த இடம் என்று ஜனம் அடையாளம் சொல்லிக்கொண்டே இருந்ததால் படத்தைப் பாதிதான் கேட்க முடிந்தது. அப்படிப் பார்ப்பதும் ஒரு பார்வைதான்.

அத்தா துபாயில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ படத்தை உங்களுக்காகத் தனியாகச் சொல்கிறேன். 2024-ல் கான் விழாவில் இரண்டாவது பெரிய பரிசு வாங்கியது, பேச்சு பெரும்பாலும் மலையாளம், இந்தி. மும்பையில் நர்ஸாக இருக்கும் பிரபாவின் புருஷன் ஜெர்மனியில். போன் நின்று ரொம்ப நாளாகிவிட்டது. ஒருநாள் ஒரு பெட்டி வருகிறது, உள்ளே சிவப்பு நிற ரைஸ் குக்கர். யார் அனுப்பினது என்று ஒரு சீட்டுகூட இல்லை, ஜெர்மனியில் செய்தது என்பதை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அவள் தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரை மடியோடு சேர்த்து அணைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் காட்சி. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் எத்தனை வீட்டு அலமாரியில் பிரிக்காத அத்தர் பாட்டிலும் போர்வையும் இருக்கின்றன என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தப் படத்தை உம்மாவோடு நேராக உட்கார்ந்து பார்க்க வேண்டாம். இளைய நர்ஸின் காதல் பகுதியில் சங்கடமான காட்சி உண்டு. முதலில் தனியாகப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஈரானிய இயக்குநர் அமீர் நதேரியின் ‘த ரன்னர்’, 1984. துறைமுகத்தில் கைவிடப்பட்ட கப்பலில் தனியாக வசிக்கும் அமீரோ என்ற பையன். எண்ணெய்க் கிணற்று நெருப்புக்கு முன்னால் வைத்த ஐஸ் கட்டியை நோக்கி ஓடுகிற ஓட்டப்பந்தயம் ஒன்று வரும். ஜெயித்தவன் அந்த உருகும் ஐஸைத் தோற்றவர்களுக்கும் கொடுக்கிறான். பாம்பன் கரையில் ஐஸ் வண்டிக்குப் பின்னால் ஓடித் துண்டு பொறுக்கிய என் தெருப் பையன்கள் அந்தக் காட்சியைத் திருப்பிப் போடச் சொல்லி மூன்று தடவை பார்த்தார்கள்.

உம்மாவோடு பார்க்க என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் நீங்கள் பாதியில் விட்ட அந்த ஜப்பான் படமேதான். வசனம் இல்லை, ஆகவே வரி படிக்க வேண்டியதில்லை, நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லவும் வேண்டாம். முகம் சுளிக்க வைக்கிற காட்சிகள் ஒன்றிரண்டுதான், புருஷன் அறைவதும் பையன் சாவும். முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனில் பார்க்காதீர்கள், செடிக்கு ஊற்றும் தண்ணீர் மண்ணில் மறைவது போன் திரையில் தெரியாது. வீட்டு டிவியில், இஷா தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துப் பாருங்கள். துடுப்புச் சத்தம் கேட்க வேண்டும். முதல் இருபது நிமிடம் நீங்கள் பேசாமல் இருந்தால் போதும். உம்மா பேசினால் பேசட்டும், நிறுத்தாதீர்கள்.